1942ல் பர்மாவிலிருந்து நடை: ஐயாவின் நோட்டில் இருக்கும் பாதை எது?

பள்ளத்தூர் பங்காளி எழுதியது:

வணக்கம். இந்த மழையில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு ஓடு ஒழுகியது. பங்காளிகள் ஏழு பேரும் பணம் போட்டு ஓடு மாற்றினோம். அதற்காக எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு, உள்ள அறையைக் காலி செய்தபோது பெட்டகத்துக்குப் பின்னால் ஒரு மரவை கிடைத்தது. பர்மாவிலிருந்து வந்த, சிவப்பு அரக்குப் பூசிய டப்பா. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு நோட்டு. எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) அப்பச்சி, பென்சிலில் எழுதியது.

ஐயா ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக, அதாவது கடை நடத்தும் மேலாளுக்கு அடுத்தவராக, இருந்தவர். "ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கப்பலேறி வந்துவிட்டார்" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அப்பச்சியும் அப்படித்தான் சொன்னார். நோட்டில் இருப்பது வேறு. எனக்குப் படிக்க முடிந்ததை அப்படியே தருகிறேன்.

"விசு வருஷம் மார்கழி, செவ்வாய். பகல் 10 மணிக்கு மேல் குண்டு. கடை தப்பியது. வியாழன் மறுபடி குண்டு."

"தை. கப்பல் சீட்டு இல்லை."

"தை. கப்பல் சீட்டு இல்லை. ஐந்தொகை (கடைக் கணக்குச் சுருக்கம்) ஊருக்கு அனுப்பியாயிற்று."

"மாசி. மண்டலே ரயில். மேலாள், நான், சமையல் ஆள். சாப்பாடு 3."

"மணிவா. ஸ்டீமர். ஆளுக்கு ரூ 15."

"கலேவா. இனி நடை. சாப்பாடு 3."

"தண்ணீர் குவளை 4 அணா. அரிசி படி ரூ 2."

"தமு. 2 நாள் தங்கல். எலுமிச்சம்பழம் 1க்கு 8 அணா."

"கறுப்பு ரோடு. சாப்பாடு 2."

"சித்திரபானு வருஷப் பிறப்பு. பாலேல். கஞ்சி கொடுத்தார்கள், செலவு இல்லை."

"மணிப்பூர். லாரி. திமாப்பூர். ரயில்."

கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு வரி: "சமையல் ஆள் வீட்டுக்குச் சேர வேண்டியது ரூ 62."

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் உலகப் போர் என்றால் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஹிட்லர், ஹிரோஷிமா, அவ்வளவுதான். பர்மாவில் நடந்த சண்டை என்ன? இவர் எந்த வழியாக வந்தார்? கறுப்பு ரோடு என்பது தார் ரோடா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

இது சயாம் (இப்போதைய தாய்லாந்து) ரயில் பாதை விவகாரமாக இருக்கும். ஜப்பான்காரன் தமிழர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய் ரயில் பாதை போடவைத்தான். ஆயிரம் ஆயிரமாகச் செத்துப்போனார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கண்டனூர் ஆச்சி எழுதியது:

தம்பி, முதலில் அந்த நோட்டை வெயிலில் காயவைக்காதீர்கள். பென்சில் எழுத்து மங்கிப்போகும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு மரவையிலேயே திருப்பி வையுங்கள். எண்பது வருஷம் அதைக் காப்பாற்றியது அந்த மரவைதான்.

நான் 32 வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன். ஓய்வுக்குப் பிறகு கண்டனூர், புதுவயல், கோட்டையூர், பள்ளத்தூர் என்று பர்மா போய் வந்தவர்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினேன். அவர்களில் ஒருவரும் இன்று இல்லை. அதனால்தான் உங்கள் நோட்டைப் பார்த்ததும் ராத்திரியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

தேவகோட்டைத் தம்பி சொல்வது வேறு சங்கதி. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர்கள் பிடித்துக்கொண்டு போனது மலாயாத் தோட்டத் தமிழர்களை. பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. இங்கே ரொம்பப் பேர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் ஐயா நடந்தது அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், மேற்கே, நம் நாட்டை நோக்கி.

நோட்டின் நாட்கள் சரியாக இருக்கின்றன. ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி வாக்கில். இரண்டாவது டிசம்பர் 25, கிறிஸ்துமஸ், வியாழக்கிழமை. முதல் நாள் விமானத்தை வேடிக்கை பார்க்க ஜனங்கள் தெருவில் நின்றார்கள். அப்படி நின்றவர்கள்தான் அதிகம் செத்தார்கள். ரங்கூன் அப்போது பாதிக்கு மேல் இந்தியர்கள் இருந்த ஊர். 1931 கணக்குப்படி பர்மா முழுவதும் 10 லட்சத்துக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி மில்லில் வேலை செய்தவர்கள், தெருக் கூட்டியவர்கள், ரயில்வேக்காரர்கள். வட்டிக் கடை வைத்திருந்த நம் செட்டியார்கள் அதில் சின்னப் பங்கு. ஜனங்கள் ஊரை விட்டு ஓடியதும் துறைமுகம் நின்றது, குப்பை அள்ள ஆள் இல்லை. பாதிப் பேரைக் கெஞ்சித் திரும்ப வரவழைத்தார்கள். வந்தவர்கள் பிறகு இரண்டாவது முறை ஓடவேண்டி வந்தது.

ஜப்பானுக்கு பர்மா எதற்கு? அரிசிக்கும் ஏனாங்யாவுங் எண்ணெய்க் கிணறுகளுக்கும், முக்கியமாக லாஷியோவிலிருந்து சீனாவுக்கு ஆயுதம் போய்க்கொண்டிருந்த சாலையை அடைப்பதற்கும். சயாம் பக்கமிருந்து உள்ளே வந்தார்கள். ஜனவரி 31ல் மோல்மேன் விழுந்தது. அப்புறம் சித்தாங் ஆறு. அதன் பாலத்தைத் தாண்டிவிட்டால் ரங்கூனுக்கு வழி திறந்துவிடும். பிப்ரவரி 23 விடியற்காலையில், எதிரி கையில் போய்விடுமென்று பிரிட்டிஷ்காரர்களே அந்தப் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அப்போது இந்திய 17ஆம் டிவிஷனின் பெரும்பகுதி இன்னும் அக்கரையில் நின்றது. நம் சிப்பாய்களும் கூர்க்காக்களும் துப்பாக்கியை எறிந்துவிட்டு நீந்தினார்கள். மூங்கிலைக் கட்டி மிதந்தார்கள். வந்து சேர்ந்தவர்களில் பாதிப் பேர் கையில்கூடத் துப்பாக்கி இல்லை. மார்ச் 8ல் ரங்கூன் ஜப்பானியர் வசம். ஐரோப்பாவில் நடந்த ஒவ்வொரு சண்டையையும் பாடப் புத்தகத்திலிருந்து ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஆற்றின் பெயர் தெரியாது. நானும் 32 வருஷத்தில் ஒரு வகுப்பில்கூட அதைச் சொல்லவில்லை. பாடத்தில் இல்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ரங்கூன் போனால் கடல் வழி போயிற்று. அதற்கு முன்னால் கப்பல் சீட்டு கிடைத்தவர்கள் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்துவிட்டார்கள். என் தாயாரைப் பெற்ற ஐயா அப்படி வந்தவர். கிடைக்காதவர்களுக்கு இருந்தவை தரை வழிகள். ஒன்று, புரோமிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டி தாங்குப், அங்கிருந்து படகில் அக்கியாப், சிட்டகாங். முதலில் நடந்தவர்கள் இந்த வழியில் வந்தார்கள், வழி நெடுகப் பேதி. இரண்டாவது, உங்கள் ஐயா வந்தது. மண்டலே வரை ரயில், ஐராவதியைத் தாண்டி மோனிவா (அதுதான் அவர் எழுதும் மணிவா), சிந்துவின் ஆற்றில் ஸ்டீமர், கலேவா. அதற்குப் பிறகு கபாவ் பள்ளத்தாக்கில் தமு வரை நடை, மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன இடம். தமுவைத் தாண்டி மலை ஏறி இறங்கினால் பாலேல், பிறகு மணிப்பூரின் இம்பால். அங்கிருந்து மலைச் சாலையில் திமாப்பூர், அதற்குப் பிறகுதான் ரயில். மூன்றாவது வழி வடக்கே, மிச்சினாவுக்கு அப்பால் ஹூகாவுங் காட்டு வழி. மே 6ல் மிச்சினா விமானத் திடலில் குண்டு விழுந்தபின் வேறு போக்கிடம் இல்லாதவர்கள் அதில் இறங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சேற்றில் போனவர்களைப் பற்றி என்னிடம் சொன்ன ஒரே பெரியவர், சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

கறுப்பு ரோடு தார் ரோடு இல்லை தம்பி. தமு, பாலேல் பக்கத்தில் வெள்ளைக்காரர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் தண்ணீரும் தங்குமிடமும் உள்ள வழியை விட்டார்கள், மற்றவர்களைக் கஷ்டமான வழியில் திருப்பினார்கள் என்று அப்போதே பெரிய புகார் எழுந்தது. வெள்ளை வழி, கறுப்பு வழி என்றே பெயராகிவிட்டது. வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழியா என்று காந்தி ஹரிஜன் பத்திரிகையில் எழுதினார். அந்த ஆகஸ்டில் "வெள்ளையனே வெளியேறு" என்று கிளம்பியதற்குப் பின்னால் இந்த ஆத்திரமும் இருந்தது. உங்கள் ஐயா அரசியல் பேசுபவரா தெரியாது. ஆனால் அந்த இரண்டு வார்த்தையை அவர் கணக்கு நோட்டில் எழுதியிருக்கிறார்.

பாலேலில் வருஷப் பிறப்பு என்றால் 1942 ஏப்ரல் நடு. தப்பித்தார் என்றே சொல்ல வேண்டும். ஒரு மாதம் தாமதித்திருந்தால் மழையும், மே 10ல் இம்பாலில் விழுந்த குண்டும் அவரைப் பிடித்திருக்கும். அந்தக் கஞ்சிக்குச் செலவு இல்லை என்று எழுதியிருக்கிறாரே, அந்த வழியில் முகாம் போட்டதிலும் சாலை வெட்டியதிலும் பெரிய பங்கு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுடையது. தோட்ட முதலாளிகளின் சங்கம் ஆட்களை அனுப்பியது, வேலை செய்தது கூலிகள். ஒரு நாட்டுக் கூலி இன்னொரு நாட்டிலிருந்து ஓடிவந்த கூலிக்குக் கஞ்சி ஊற்றினான்.

எத்தனை பேர் நடந்தார்கள்? பர்மாவை விட்டு வெளியேறியவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் என்று சொல்வார்கள். வழியில் இறந்தவர்களை அன்றைக்கு யாரும் எண்ணவில்லை. பிற்பாடு எழுதியவர்கள் 10,000 என்றும் 50,000 என்றும் அதற்கு மேலும் போடுகிறார்கள். ரங்கூனுக்கு வெளியே தவுக்கியான் கல்லறைத் தோட்டத்தில், உடல் கிடைக்காத சிப்பாய்கள் சுமார் 27,000 பேரின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதில் நம் பக்கத்துச் சிப்பாய்கள் பெயரும் உண்டு, அது நியாயம். நடந்து வந்து செத்தவர்கள் பெயர் அதில் இல்லை.

செட்டிநாட்டில் பர்மா பேச்சு என்றால் நிலம், கடை, வட்டி. 1930களில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய பர்மாக்காரர்கள் கட்ட முடியாமல், 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு வயல் நம்மவர்கள் பேருக்கு வந்துவிட்டது. நிலத்தை இழந்த அந்தக் குடியானவனுக்கு அது எவ்வளவு பெரிய கொடுமை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பிறகு 1948ல் நில தேசியமயச் சட்டம், 1963ல் வங்கிகள், 1964ல் கடைகள். எந்தக் கடைக்கு எத்தனை ஏக்கர் போயிற்று என்று எங்கள் வீடுகளில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கூட நடந்தவர்களில் யார் யார் வழியில் நின்றுபோனார்கள் என்று கேட்டுப்பாருங்கள், பதில் வராது.

அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. கலேவாவில் சாப்பாடு 3. தமுவில் 2 நாள் தங்கல், காசைப் பார்க்காமல் எலுமிச்சம்பழம். பேதிக்கு அன்றைக்கு வேறு மருந்து கையில் இல்லை. கறுப்பு ரோட்டில் சாப்பாடு 2. கடைசிப் பக்கத்தில் சமையல் ஆள் வீட்டுக்கு ரூ 62.

ஐயா அழுதாரா என்று நோட்டில் இல்லை. அவர் கடையில் படித்த எழுத்து அது, வரவும் பற்றும்தான் எழுத வரும். அந்த 62 சம்பள பாக்கி. மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் போலச் சமையல் ஆளுக்கும் கணக்கு முடியும்போதுதான் முழுச் சம்பளம் தீர்ப்பார்கள். உங்கள் வீட்டில் சித்திரபானு வருஷப் பேரேடு இருக்கிறதா பாருங்கள். கொடுத்திருந்தால் அதில் பற்று எழுதியிருப்பார்.

மோரே தமிழன் எழுதியது:

ஆச்சிக்கு வணக்கம். நான் எழுதுவது மணிப்பூர் மோரேயிலிருந்து. அந்த நோட்டில் உள்ள தமு எங்கள் ஊரிலிருந்து எல்லையைத் தாண்டினால் 5 கிலோமீட்டர்தான்.

எங்கள் தாத்தா ராமநாதபுரம் பக்கம், ரங்கூனில் மில் வேலை. 1942ல் ஓடவில்லை, அங்கேயே மாட்டிக்கொண்டார். 1964ல் எல்லாம் போய், கப்பலில் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். சென்னையில் இருக்கப் பிடிக்கவில்லை. பிறந்த ஊருக்கே போய்விடலாம் என்று சில குடும்பங்கள் தரை வழியாகக் கிளம்பின, எல்லையில் தடுத்துவிட்டார்கள். திரும்ப மனசில்லாமல் எல்லையிலேயே தங்கியதுதான் இங்கே உள்ள தமிழ்க் குடியிருப்பு. அங்காள பரமேஸ்வரி கோவில் இருக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942ல் உங்கள் ஐயா எந்த ஊரைத் தாண்டி வெளியே வந்தாரோ அதே வழியில் உள்ளே போகப் பார்த்தவர்கள் நாங்கள்.

அந்த மலையைப் பற்றிச் சொல்கிறேன், நான் லாரி ஓட்டியிருக்கிறேன். மோரேயிலிருந்து ஏற்றம். தெங்நவுபால் பக்கம் போனால் ஏப்ரலிலும் ராத்திரி குளிர் எலும்பைக் கடிக்கும், பகலில் தண்ணீர் தேடிப் பள்ளத்துக்கு இறங்கவேண்டும். ரங்கூன் வெயிலுக்கு உடுத்திய வேட்டியோடு இதை ஏறியிருக்கிறார்கள். பாலேல் வந்தால்தான் சமவெளி. இப்போதே மழைக்காலத்தில் மண் சரிந்தால் இரண்டு நாள் நின்றுவிடுவோம்.

இன்னொன்று. இரண்டு வருஷம் கழித்து 1944 மார்ச்சில் ஜப்பான் படை இந்தியாவுக்குள் வந்தபோது ஒரு பிரிவு இதே தமு பாலேல் சாலையில்தான் ஏறியது. நேதாஜியின் ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) வீரர்களும் இந்தப் பக்கம் வந்தார்கள். ஷெனாம் மேட்டில் மாதக்கணக்கில் சண்டை. கோஹிமாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் படையும் இம்பாலில் இருந்த பிரிட்டிஷ் படையும் ஜூன் 22ல் சந்தித்த பிறகுதான், ஜப்பானியர் அடைத்திருந்த திமாப்பூர் சாலை திறந்தது. அகதிகள் காலால் தேய்த்த சாலை, பிறகு டாங்கி ஓடிய சாலை. இன்றும் மழைக்குப் பின் மேட்டுப் பக்கம் தோட்டா உறைகள் கிடைக்கும். சண்டையைப் பார்க்க ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நடந்தவர்களைத் தேடிக்கொண்டு நான் பார்க்க யாரும் வந்ததில்லை. அண்ணே, நீங்கள் வந்தால் நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

பள்ளத்தூர் பங்காளி எழுதியது:

ஆச்சி, படித்துவிட்டு ஒரு மணிநேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 3, 2 என்று நானே தட்டச்சு செய்தேன், என் கண்ணில் படவில்லை. எங்கள் அப்பத்தா இருந்தவரை எலுமிச்சம்பழ ஊறுகாய் போட்டால் ஐயா தொடமாட்டாராம், ஏன் என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பச்சிக்கு இதைப் போனில் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டு, ராத்திரி மறுபடி கூப்பிட்டு, பேரேடுகள் மேல்மாடியில் தகரப் பெட்டியில் இருக்கும், சாவி பூஜை அலமாரியில் என்றார்.

இந்த வாரம் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மோரேத் தம்பி, உங்கள் அழைப்பை மறக்கமாட்டேன்.

கண்டனூர் ஆச்சி எழுதியது:

பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள் தம்பி. பூச்சி மருந்து போட்டிருப்பார்கள். சித்திரபானு மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அடுத்த வருஷமும் பாருங்கள். கொடுக்காத பாக்கியை அடுத்த பேரேட்டில் முன்வரி எடுத்து எழுதுவது நம் கடை வழக்கம்.

பள்ளத்தூர் பங்காளி எழுதியது:

ஆச்சி, பார்த்துவிட்டேன். பெட்டியில் 16 பேரேடுகள். நாலு கரையான் அரித்தவை, மற்றவை நன்றாக இருக்கின்றன.

சித்திரபானு வைகாசி: "சமையல் ஆள் வீட்டுக்கு நேரில் போய்க் கொடுத்தது ரூ 40. மீதி ரூ 22." ஊர் பெயர் இருக்கிறது, சிங்கம்புணரி பக்கம். ஆள் பெயரும் இருக்கிறது, அதை நான் இங்கே போடவில்லை. ஐயா திமாப்பூரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கால் புண்ணோடு போயிருப்பார்.

அதே வருஷம் ஐப்பசி: "மீதி கொடுக்கப் போனது. வீடு பூட்டு. குடும்பம் பிழைக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வண்டிக்கூலி ரூ 1."

சுபானு: அந்தப் பெயர், நிலுவை ரூ 22. தாரணம்: நிலுவை ரூ 22. பார்த்திபம்: நிலுவை ரூ 22. நீங்கள் சொன்னது போலவே ஒவ்வொரு வருஷமும் முன்வரி எடுத்து எழுதியிருக்கிறார். இடையில் 1948ல் பர்மா நிலம் எல்லாம் போனதற்கு ஒரே ஒரு வரி. கடைசிப் பேரேடு ஏவிளம்பி வருஷம், 1957. ஐயா அந்தத் தை மாதம் இறந்தார். எழுத்து நடுங்குகிறது. பெயர், நிலுவை ரூ 22.

அப்பச்சி பள்ளத்தூர் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் அந்த ஊருக்குப் போகிறோம். சிங்கம்புணரி, பிரான்மலை, திருப்பத்தூர் பக்கம் யாருக்காவது வீட்டுப் பெரியவர் ரங்கூனில் செட்டியார் கடைக்குச் சமையலுக்குப் போய், 1942க்குப் பிறகு திரும்பவில்லை என்று தெரிந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். பெயரைச் சொன்னால் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.